ஸ்பானிஷில் பெயரடை முன்னாலா, பின்னாலா? மனப்பாடம் செய்வதா, காரணம் பிடிப்பதா?

பனங்காடை

எல்லோருக்கும் வணக்கம். வரும் நவம்பரில் டெலே என்ற ஸ்பானிஷ் மொழித் தேர்வில் பி1 நிலை எழுதப் போகிறேன். வினைச்சொற்கள் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டன. பெயரடைதான் படுத்துகிறது.

வகுப்பில் முதலில் சொன்ன விதி சுலபமாக இருந்தது. நாம் "வெள்ளை வீடு" என்போம், அவர்கள் "காசா பிளாங்கா" என்பார்கள்: வீடு முதலில், வெள்ளை பிறகு. சரி என்று அப்படியே பழகிக்கொண்டேன். இப்போது இணையத்தில் ஸ்பானிஷ் செய்தித்தாள் வாசித்தால் பெயரடை பாதி இடங்களில் முன்னால் நிற்கிறது. "எல் நுவேவோ கொபியேர்னோ" (புதிய அரசு), "உனா லார்கா நோச்சே" (நீண்ட இரவு), "எல் பிரெசூந்தோ அசெசீனோ" (கொலையாளி என்று சந்தேகிக்கப்படுபவர்). எது எப்போது முன்னால் வரும்? விதி இருக்கிறதா, காதுப் பழக்கம்தானா?

இரண்டாவது சந்தேகம், இயைபு, அதாவது பெயரின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்பப் பெயரடை மாறுவது. பெண்பால் சொல்லுக்கு ஆ, ஆண்பாலுக்கு ஓ என்பது புரிகிறது. ஆனால் "எல் அகுவா ஃபிரியா" (குளிர்ந்த நீர்) என்பதில் முன்னால் ஆண்பால் "எல்" (ஆங்கில "தி" மாதிரி, பெண்பாலுக்கு "லா" வரவேண்டும்), பின்னால் பெண்பால் "ஃபிரியா". தண்ணீர் ஆணா பெண்ணா?

கணக்கன்

தங்கச்சி, பொதுவிதி பின்னால்தான். அதில் குழப்பமே வேண்டாம். இடம் மாறினால் பொருள் மாறும் சொற்கள் கொஞ்சம்தான், எழுதி வைத்துக்கொண்டு தினமும் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள்.

"ஓம்ப்ரே போப்ரே" என்றால் காசில்லாத மனிதன். "போப்ரே ஓம்ப்ரே" என்றால் பாவப்பட்ட மனிதன், அவன் கோடீஸ்வரனாகவும் இருக்கலாம். "அமிகோ வியேஹோ" வயதான நண்பன், "வியேஹோ அமிகோ" நெடுநாள் நண்பன். "ஓம்ப்ரே கிராந்தே" ஆள் பெரிய உருவம், "கிரான் ஓம்ப்ரே" மாமனிதன். "எதிஃபீஸியோ அந்தீகுவோ" பழங்காலத்துக் கட்டடம், "அந்தீகுவோ அலும்னோ" முன்னாள் மாணவன். "கோச்சே நுவேவோ" புத்தம்புதுக் கார். "நுவேவோ கோச்சே" பழையதை மாற்றிவிட்டு இப்போது வைத்திருக்கும் கார், அது செகண்ட் ஹேண்டாகவும் இருக்கலாம். "இன்ஃபொர்மாசியோன் சியேர்தா" உண்மையான தகவல், "சியேர்தா இன்ஃபொர்மாசியோன்" ஏதோ ஒரு தகவல்.

இதைப் பிடித்துக்கொண்டால் பி1-க்குப் போதும்.

தென்கரையான்

கணக்கன் தந்த பட்டியலில் ஒரு தவறும் இல்லை. ஆனால் பட்டியலோடு நிறுத்திக்கொண்டால் "லார்கா நோச்சே" ஏன் அப்படி வந்தது என்று பனங்காடைக்குக் கடைசிவரை விளங்காது. "லார்கோ" எந்தப் பட்டியலிலும் இல்லை. முன்னால் நின்றாலும் பின்னால் நின்றாலும் அது நீளம்தான். இடம் மட்டும் மாறுகிறது. அந்த மாற்றத்துக்குக் காரணம் தெரிந்தால் பட்டியலே தேவைப்படாது என்பது என் உறுதியான எண்ணம். கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

பெயரடை இரண்டு வேலைகளில் ஒன்றைச் செய்கிறது. சல்லடை மாதிரி, ஒரு கூட்டத்திலிருந்து சிலவற்றைப் பிரித்து எடுக்கலாம். அல்லது, எதைச் சொல்கிறோம் என்பது ஏற்கெனவே தெரிந்திருக்க, அதன்மேல் ஒரு தன்மையை ஏற்றிச் சொல்லலாம். முதலாவது பின்னால் நிற்கும். இரண்டாவது முன்னால் நிற்க முடியும்.

ஒரே வாக்கியத்தை இரண்டு விதமாகப் பாருங்கள்.

"எல் கோச்சே லுஹோசோ தெல் ஹேஃபே."
"எல் லுஹோசோ கோச்சே தெல் ஹேஃபே."

இரண்டுக்கும் தமிழில் "முதலாளியின் சொகுசுக் கார்" என்றுதான் வரும். ஆனால் ஸ்பானிஷ்காரர் காதில் இரண்டும் ஒன்றல்ல. முதல் வாக்கியத்தைக் கேட்டால், முதலாளிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கார்கள் இருக்கின்றன, அவற்றில் சொகுசானதைச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வார். இரண்டாவதைக் கேட்டால், முதலாளிக்கு இருப்பது ஒரு கார், அது சொகுசானது என்று புரிந்துகொள்வார். பிரிப்பதற்கு வேறு கார் இல்லை. அதனால் பெயரடைக்கு வர்ணிக்கிற வேலை மட்டும்தான், முன்னால் போய்விட்டது.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஆந்த்ரேஸ் பெல்லோ என்று ஒரு பேரறிஞர். 1781-இல் கரகாஸில் பிறந்தவர், பிற்காலத்தில் சிலியில் வாழ்ந்தவர். அமெரிக்கக் கண்டத்து ஸ்பானிஷ் பேசுவோருக்காக 1847-இல் ஓர் இலக்கணம் எழுதினார். அதில் இந்த வேறுபாட்டை ஆட்டை வைத்து விளக்குகிறார். "லாஸ் மான்ஸாஸ் ஓவேஹாஸ்" என்றால் சாதுவான ஆடுகள். சாதுத்தனம் ஆட்டின் இயல்பிலேயே இருப்பது, அதை எடுத்துச் சொல்கிறோம், அவ்வளவுதான். "லோஸ் அனிமாலேஸ் மான்ஸோஸ்" என்றால் சாதுவான விலங்குகள். எல்லா விலங்கும் சாது இல்லையே, அதனால் இங்கே பெயரடை பிரித்து எடுக்கிறது. ஒன்று முன்னால், ஒன்று பின்னால். ஸ்பானிஷ் மொழியைப் பற்றி இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் வாசித்ததில்லை.

இப்போது கணக்கனின் பட்டியலுக்கு வாருங்கள். "போப்ரே ஓம்ப்ரே" என்று சொல்பவர் ஏழைகளையும் பணக்காரர்களையும் பிரிக்கவில்லை, கண்ணெதிரே இருக்கும் ஒருவன்மேல் தன் இரக்கத்தை வைக்கிறார். "வியேஹோ அமிகோ" என்பதில் பழையது ஆள் அல்ல, நட்பு. "அந்தீகுவோ அலும்னோ" மாணவர்களில் ஒரு வகை இல்லை, இப்போது அவன் மாணவனே இல்லை. "பிரெசூந்தோ அசெசீனோ" என்பதும் அப்படித்தான். கொலையாளிகளில் அது ஒரு ரகம் அல்ல. கொலையாளி என்ற சொல் அந்த ஆளுக்குப் பொருந்துமா என்பதே இன்னும் முடிவாகவில்லை. அதனால்தான் "பிரெசூந்தோ" முன்னாலேயே நிற்கிறது. செய்தித்தாளில் முன்னால் நிற்கும் பெயரடை நிறையக் கண்ணில் படுவதற்கும் இதுதான் காரணம். எந்த அரசு, எந்த இரவு என்பது வாசகருக்குத் தெரிந்த விஷயம், நிருபர் அதன்மேல் வர்ணனை சேர்த்துக்கொண்டே போகிறார்.

குவாதலஹாரா

தென்கரையான் அண்ணா, நன்றாகச் சொன்னீர்கள். ஆனால் ஒரு இடத்தில் இடிக்கிறது. நான் வேலை பார்ப்பது மெக்சிகோ வாடிக்கையாளர்களோடு, தினமும் போனில் பேசுகிறேன். "தெங்கோ உனா புவேனா நொத்தீசியா இ உனா மாலா" என்பார்கள். ஒரு நல்ல செய்தி, ஒரு கெட்ட செய்தி. இங்கே நல்லதையும் கெட்டதையும் பிரிக்கத்தானே செய்கிறார்கள்? அப்படியானால் பின்னால் அல்லவா வரவேண்டும்? "எல் ஊல்தீமோ திரேன்" (கடைசி ரயில்) என்பதும் மற்ற ரயில்களிலிருந்து பிரித்துத்தான் சொல்கிறது. அதுவும் முன்னால்.

தென்கரையான்

நல்ல கேள்வி தம்பி. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

"கடைசி", "முதல்", "மூன்றாவது", "அடுத்த", "ஒரே" போன்ற சொற்கள் பொருளின் தன்மையைச் சொல்லவில்லை, வரிசையில் அதன் இடத்தைச் சொல்கின்றன. "இந்த", "அந்த", "இரண்டு" என்பவற்றோடு சேர்ந்தவை அவை. அந்தக் கூட்டம் ஸ்பானிஷில் பெரும்பாலும் முன்னால்தான். மன்னர்களின் பெயர் ஒரு விலக்கு: "ஃபெலீப்பே செகூந்தோ" என்று எண் பின்னால் வரும்.

"புவேனோ", "மாலோ" விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், அது விதிக்குள் அடங்காத பழக்கம். நாள்தோறும் வாயில் புழங்கும் சின்னச் சொற்கள், மதிப்பீட்டைச் சொல்பவை. பிரிக்கிறபோதும் அவை முன்னால் நிற்கும். இந்த இரண்டுக்கு மட்டும் காதை நம்புங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது ஒருவழிப் பாதை. முன்னால் நிற்கும் தன்மைப் பெயரடை பெரும்பாலும் வர்ணனைதான். ஆனால் பின்னால் நிற்பது எல்லாம் பிரிப்பது ஆகாது. "மிஸ் அமிகாஸ் சிம்பாத்திகாஸ்" என்றால் என் தோழிகளில் இனிமையானவர்கள் என்றும் கொள்ளலாம், இனிமையான என் தோழிகள் என்றும் கொள்ளலாம். "மிஸ் சிம்பாத்திகாஸ் அமிகாஸ்" என்றால் எல்லோருமே இனிமையானவர்கள், வேறு பொருள் கிடையாது. ஆகவே தேர்வில் சந்தேகம் வந்தால் பின்னால் போடுங்கள், பெரும்பாலும் தப்பாகாது.

ஏட்டுச்சுவடி

ஸ்பானிஷ் எனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கும் அளவுதான். தமிழ் இலக்கணம் சொல்லிக்கொடுப்பது என் தொழில். தென்கரையான் எழுதியதை வாசித்ததும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பெல்லோ ஆட்டை வைத்துச் சொன்ன வேறுபாடு தொல்காப்பியத்தில் இருக்கிறது. கிளவியாக்கத்தில்:

"இனச்சுட் டில்லாப் பண்புகொள் பெயர்க்கொடை
வழக்கா றல்ல செய்யு ளாறே"

தன் இனத்தில் மற்றொன்றைச் சுட்டிப் பிரிக்காத அடை, பேச்சு வழக்குக்கு உரியது அன்று, செய்யுளுக்கு உரியது. "செஞ்ஞாயிறு", "வெண்டிங்கள்" ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டு. கருப்பு ஞாயிறு என்று வேறொன்று இல்லை. அதனால் "செம்மை" எதையும் பிரிக்கவில்லை, ஞாயிற்றின் இயல்பை எடுத்துச் சொல்கிறது. "செந்தாமரை" என்றால் கதை வேறு. வெண்தாமரையும் இருக்கிறது, ஆகவே அங்கே அடை பிரிக்கிறது. நன்னூலார் பிற்காலத்தில் கொஞ்சம் தளர்த்தி, இனம் உள்ள அடையும் இல்லாத அடையும் வழக்கிலும் செய்யுளிலும் வரும் என்றார்.

தமிழில் இரண்டு வகை அடையும் ஒரே இடத்தில், பெயருக்கு முன்னால்தான் நிற்கும். அதனால் வேறுபாட்டை இலக்கண ஆசிரியர் சொல்லித்தான் நாம் கவனிக்கிறோம். ஸ்பானிஷ் அதையே இடத்தை மாற்றிக் காட்டிவிடுகிறது போலிருக்கிறது. ஸ்பானிஷ் கவிதையில் வெண்ணிலவை எப்படிச் சொல்வார்கள்?

தென்கரையான்

ஐயா, "லா பிளாங்கா லூனா". முன்னால்தான்! பனிக்கும் அதே கதை, "லா பிளாங்கா நியேவே". இரண்டும் கவிதை நடை. அன்றாடப் பேச்சில் யாரும் இப்படிச் சொல்வதில்லை. "செய்யுளாறே" என்று தொல்காப்பியர் சொன்னது ஸ்பானிஷுக்கும் அப்படியே பொருந்துகிறது. பல வருஷமாக இதைச் சொல்லிக்கொடுக்கிறேன், இந்த நூற்பாவை இங்கே பொருத்திப் பார்க்கத் தோன்றியதே இல்லை. மிக்க நன்றி.

பனங்காடை

ஏட்டுச்சுவடி ஐயா, பள்ளியில் இனமுள்ள அடை, இனமில்லா அடை என்று படித்ததை இப்போதுதான் உண்மையிலேயே புரிந்துகொண்டேன். அதுவும் ஸ்பானிஷ் வழியாக!

சரி, "லா பிளாங்கா லூனா" என்பதும் "காசா பிளாங்கா" என்பதும் இப்போது பளிச்சென்று பிரிகிறது. அப்புறம் இன்னொரு கேள்வி. ஒரே பெயருக்கு இரண்டு மூன்று பெயரடை வந்தால் எந்த வரிசை?

குவாதலஹாரா

இதை நான் சொல்கிறேன். எனக்கு இதில் பிடித்த விஷயம், தமிழ் வரிசையை அப்படியே திருப்பிப் போட்டால் போதும். "ஸ்வீடன் துப்பறியும் நாவல்" என்போம். ஸ்பானிஷில் "நொவேலா பொலிசியாக்கா சுவேக்கா": நாவல், துப்பறியும், ஸ்வீடன். "பிரெஞ்சு வெளியுறவுக் கொள்கை" என்பது "பொலித்திக்கா எக்ஸ்தெரியோர் ஃபிரான்செசா": கொள்கை, வெளியுறவு, பிரெஞ்சு. பெயருக்கு மிக நெருக்கமான அடை இரண்டு மொழியிலும் பெயரை ஒட்டியே நிற்கிறது. நமக்கு இடப்பக்கம் நீளும், அவர்களுக்கு வலப்பக்கம்.

"விலைகுறைந்த ஸ்பானிஷ் சிவப்பு வைன்" என்பதையும் திருப்பிப் பாருங்கள். "வீனோ தீந்தோ எஸ்பன்யோல் பராத்தோ" என்று வரும். பாருங்கள், வைனுக்கு மட்டும் சிவப்பு "ரோஹோ" இல்லை, "தீந்தோ".

தென்கரையான்

அருமை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். வெளியுறவு, துப்பறியும், தேர்தல், பிரெஞ்சு போன்று வகையைச் சொல்லும் பெயரடைகள் எப்போதும் பின்னால்தான். வகை சொல்வதென்றாலே பிரிப்பதுதானே. அவற்றுக்கு "மிக" என்றும் போட முடியாது. "மிக வெளியுறவுக் கொள்கை" என்று தமிழிலும் சொல்ல மாட்டோம். தன்மையா வகையா என்று சந்தேகம் வரும் பெயரடையோடு "முய்" (மிக) சேருமா என்று சோதித்துப் பாருங்கள். சேராவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் வையுங்கள்.

மாத்ரீத்_மழை

வேலை முடிந்து இப்போதுதான் வாசித்தேன். இடத்தைப் பற்றி எல்லோரும் விரிவாகப் பேசிவிட்டீர்கள், இயைபைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை! இங்கே ஸ்பெயினில் இருக்கும் நம் ஆட்களின் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சொல்கிறேன், பெயரடையை இடம் மாற்றி வைத்தால் கேட்பவர் எப்படியும் புரிந்துகொள்வார். இயைபு தவறினால் உடனே காதில் உறுத்தும்.

அடிப்படைக்கு உலகப்படத்தை எடுங்கள். "கோஸ்தா ரிக்கா", "புவேர்தோ ரிக்கோ". இரண்டிலும் "வளமான" என்ற ஒரே பெயரடை. கடற்கரை பெண்பால், அதனால் "ரிக்கா". துறைமுகம் ஆண்பால், அதனால் "ரிக்கோ". "புவேனோஸ் அயிரேஸ்" ஆண்பால் பன்மை. "அகுவாஸ்காலியேந்தேஸ்" (வெந்நீர்) பெண்பால் பன்மை, ஆனால் "காலியேந்தே" ஏயில் முடிவதால் அதற்கு ஆண்பால் பெண்பால் வேறுபாடு இல்லை, பன்மைக்கு ஸ் மட்டும் சேரும்.

ஏயிலோ மெய்யெழுத்திலோ முடியும் பெயரடைகள் பெரும்பாலும் பாலைக் காட்டுவதில்லை: "வேர்தே", "அசூல்", "ஃபெலீஸ்". ஆனால் நாட்டினம் என்றால் மெய்யில் முடிந்தாலும் பெண்பாலுக்கு ஆ வரும்: "எஸ்பன்யோல், எஸ்பன்யோலா", "இங்க்லேஸ், இங்க்லேசா". தொழிலையோ குணத்தையோ காட்டும் "ஓர்" முடிவும் அப்படித்தான்: "திரபஹதோர், திரபஹதோரா" (உழைப்பாளி). ஆனால் "மெஹோர்", "பெயோர்", "மயோர்", "மெனோர்" போன்ற ஒப்பீட்டுச் சொற்கள் மாறாது. "இஸ்தா" என்று முடிபவை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே: "எல் எஸ் ஒப்திமிஸ்தா" (அவன் நம்பிக்கையுள்ளவன்). இதை "ஒப்திமிஸ்தோ" ஆக்கிவிடாதீர்கள்.

பெயர்ச்சொல்லின் முடிவைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. "பிரோப்ளேமா", "மாப்பா", "தியா" எல்லாம் ஆவில் முடியும் ஆண்பால் சொற்கள். "மானோ" (கை) ஓவில் முடியும் பெண்பால். தினமும் சொல்லும் வணக்கத்திலேயே இது இருக்கிறது. "தியா" (பகல்) ஆண்பால், அதனால் "புவேனோஸ் தியாஸ்". "தார்தே" (மாலை), "நோச்சே" (இரவு) பெண்பால், அதனால் "புவேனாஸ் தார்தேஸ்", "புவேனாஸ் நோச்சேஸ்".

இப்போது தண்ணீர். "அகுவா" சந்தேகமே இல்லாமல் பெண்பால். பழைய ஸ்பானிஷில் பெண்பால் சுட்டு "எலா" என்று இருந்தது. ஆவில் அழுத்தம் விழுந்து தொடங்கும் சொல்லுக்கு முன்னால் "எலா அகுவா" தேய்ந்து "எல் அகுவா" ஆகிவிட்டது. அந்த "எல்" ஆண்பால் மாதிரி தெரிகிற பெண்பால். ஆகவே "எல் அகுவா ஃபிரியா", பன்மையில் "லாஸ் அகுவாஸ் ஃபிரியாஸ்". "எஸ்தா அகுவா" (இந்தத் தண்ணீர்) என்பதுதான் சரி. "எஸ்தே அகுவா" என்று இங்கேயே பிறந்தவர்களும் சொல்லிவிடுவார்கள், எழுத்தில் அது தவறு. நடுவில் பெயரடை வந்துவிட்டால் "லா" திரும்பி வந்துவிடும்: "லா மீஸ்மா அகுவா" (அதே தண்ணீர்). "எல் ஆர்மா பிளாங்கா" என்று போலீஸ் செய்தியில் வரும், கத்தி போன்ற கூரிய ஆயுதம். அங்கேயும் "பிளாங்கா" பெண்பால்தான்.

கணக்கன்

மழை அக்கா, நிறங்களையும் சொல்லிவிடுங்கள். நான் பட்டியல் ஆள், நிறத்தில் என் பட்டியலே உடைந்துவிடுகிறது.

மாத்ரீத்_மழை

நிறத்தில் மூன்று வகை. சாதாரண நிறப் பெயரடைகள் ஒழுங்காக இயையும்: "ஃபால்தாஸ் ரோஹாஸ்" (சிவப்புப் பாவாடைகள்), "ஓஹோஸ் அசூலேஸ்" (நீலக் கண்கள்). பழம், பூவின் பெயரே நிறமானால், "நராங்ஹா", "ரோசா", "வியொலேத்தா" போல, பாலுக்கு மாறாது. பன்மையில் ஸ் சேர்த்தாலும் சரி, விட்டாலும் சரி. நிறத்தோடு வெளிர், அடர் என்று இன்னொரு சொல் ஒட்டிக்கொண்டால் வழக்கமாக இரண்டுமே அசையாது: "கமீசாஸ் அசூல் கிளாரோ" (வெளிர்நீலச் சட்டைகள்). சட்டைகள் பெண்பால் பன்மை, ஆனாலும் "அசூல் கிளாரோ" என்றே நிற்கும்.

குவாதலஹாரா

இரண்டு பெயர், ஒரு பெயரடை வந்தால் என்ன செய்வது? சட்டையும் பேன்ட்டும் வெள்ளை என்றால்?

மாத்ரீத்_மழை

பின்னால் வந்தால் ஆண்பால் பன்மை: "உனா கமீசா இ உன் பந்தலோன் பிளாங்கோஸ்". "பிளாங்கோ" என்று ஒருமையில் விட்டால் பேன்ட் மட்டும்தான் வெள்ளை என்று கேட்பவர் நினைக்க இடம் உண்டு. முன்னால் வந்தால் பக்கத்தில் நிற்கும் பெயரோடு இயைந்தால் போதும்: "ப்ரோஃபூந்தா பேனா இ தொலோர்" (ஆழ்ந்த துக்கமும் வலியும்). "பேனா" பெண்பால், அதனால் "ப்ரோஃபூந்தா". "தொலோர்" ஆண்பாலாக இருந்தாலும் கவலை இல்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. பெயர் பன்மையாக இருக்கும், பெயரடைகள் ஒருமையில் வரும்: "லாஸ் லெங்குவாஸ் எஸ்பன்யோலா இ போர்த்துகேசா". மொழிகள் இரண்டு, ஆனால் ஸ்பானிஷ் ஒன்று, போர்த்துகீஸ் ஒன்று. கணக்குப் பார்த்தால் எவ்வளவு நியாயமாக இருக்கிறது!

ஆனால் நம் ஆட்கள் உண்மையில் சறுக்குவது இங்கெல்லாம் இல்லை, வாக்கியத்தின் கடைசியில்தான். "காசா பிளாங்கா" என்று சரியாகச் சொல்லிவிடுவார்கள். "வீட்டின் கதவுகள் எல்லாம் நேற்றிலிருந்து திறந்து கிடக்கின்றன" என்று நீளும்போது எழுவாய் மறந்துவிடும், "அபியேர்தாஸ்" வரவேண்டிய இடத்தில் "அபியேர்தோ" வந்துவிடும். எஸ்தார், ஸேர் என்ற, "இரு" என்று பொருள்படும் வினைகளுக்கு அந்தப் பக்கம் வரும் பெயரடையும் எழுவாயோடு இயைய வேண்டும். பேசுவது பெண் என்றால் தன்னைப் பற்றியும் பெண்பாலில்தான் சொல்ல வேண்டும்: "எஸ்தோய் கன்ஸாதா" (களைப்பாக இருக்கிறேன்), யாரையாவது அறிமுகப்படுத்தினால் "என்காந்தாதா" (சந்தித்ததில் மகிழ்ச்சி). பெண்கள் பலர் புத்தகத்தில் அச்சான "என்காந்தாதோ"வை அப்படியே ஒப்பிப்பதைக் கேட்டிருக்கிறேன். பனங்காடை, வாய்மொழித் தேர்வு அறைக்குள் நுழைந்ததும் முதலில் தேவைப்படும் சொல் இதுவாகத்தான் இருக்கும்.

ஏட்டுச்சுவடி

தமிழிலும் அங்கேதானே இயைபு இருக்கிறது, அம்மா? "நல்ல பையன்", "நல்ல பெண்", "நல்ல பிள்ளைகள்" என்று பெயருக்கு முன்னால் அடை மாறுவதே இல்லை. பயனிலைக்குப் போனால் "அவன் நல்லவன்", "அவள் நல்லவள்", "அவர்கள் நல்லவர்கள்" என்று மாறுகிறது. பயனிலையில் நமக்குப் பழகிய பழக்கத்தைத்தான் ஸ்பானிஷ் பெயரை ஒட்டிய இடத்திலும் கேட்கிறது. மாணவர்களுக்கு இப்படிச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள் என்று தோன்றுகிறது.

மாத்ரீத்_மழை

உண்மைதான் ஐயா, நல்ல வழி. ஒரு எச்சரிக்கை மட்டும். "ஹெந்தே" (மக்கள்) பெண்பால் ஒருமை, எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும் "லா ஹெந்தே எஸ்தா கொந்தேந்தா" தான். "பெர்சோனா"வும் அப்படி, ஆணைச் சொன்னாலும் "புவேனா பெர்சோனா". நாம் ஆளைப் பார்த்து விகுதி போடுகிறோம். இந்தச் சொற்களில் ஸ்பானிஷ் ஆளைப் பார்ப்பதில்லை, சொல்லைப் பார்க்கிறது. "உஸ்தேத்" (நீங்கள்) மட்டும் ஆளைப் பார்க்கும்: எதிரில் இருப்பவர் பெண் என்றால் "கன்ஸாதா".

கணக்கன்

குறுகும் சொற்கள் விட்டுப்போய்விட்டன, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "புவேனோ", "மாலோ", "பிரிமேரோ", "தெர்ஸேரோ" ஆகியவை ஆண்பால் ஒருமைக்கு முன்னால் "புவென்", "மால்", "பிரிமேர்", "தெர்ஸேர்" ஆகும். பெண்பாலில் குறுகாது: "புவேனா அமிகா". "கிராந்தே" மட்டும் இரண்டு பாலுக்கும் குறுகி "கிரான்" ஆகும். மாத்ரீதின் பெரிய சாலை "கிரான் வீயா" பெண்பால். ஆண் புனிதர் பெயருக்கு முன்னால் "சாந்தோ" குறுகி "சான்" ஆகும்: சான் ஃபிரான்சிஸ்கோ, சான் தியேகோ. பெண்பாலில் "சாந்தா" அப்படியே. பெயர் "தோ" என்றோ "தொ" என்றோ தொடங்கினால் குறுகாது: சாந்தோ தொமிங்கோ, சாந்தோ தொமாஸ்.

இதற்கெல்லாம் மனப்பாடம்தான் வழி, தென்கரையான் அண்ணனும் மறுக்க மாட்டார்.

தென்கரையான்

மறுக்கவில்லை. வடிவத்துக்கு மனப்பாடம், இடத்துக்குக் காரணம். மழை அக்கா உலகப்படத்தை எடுத்ததால் எனக்கும் ஒரு ஆசை. "நுவேவா யோர்க்", "நுவேவோ மெஹிக்கோ" என்று "புதிய" முன்னால் நிற்கிறது பாருங்கள். யோர்க் நகரங்களில் புத்தம்புதியது என்று பொருள் இல்லை, இன்னொரு யோர்க் என்று பொருள். கணக்கன் சொன்ன "நுவேவோ கோச்சே" போலத்தான். ஆனால் கியூபாவில் "ஹபானா வியேஹா" என்று பின்னால் நிற்கிறது. ஹபானா நகரத்துக்குள் பழைய பகுதியை மற்றப் பகுதிகளிலிருந்து பிரித்துச் சொல்கிறார்கள்.

பனங்காடை

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. வாசித்துவிட்டு நானே ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். ஊரில் இருக்கும் எங்கள் வீட்டைப் பற்றி. திருத்தித் தருவீர்களா?

"மி வியேஹா காசா தியேனே தோஸ் வெந்தானாஸ் அசூல் இ உனா புவேர்தா வேர்தே ஒஸ்கூரா. எல் அகுவா தெல் போசோ எஸ் முய் ஃபிரியோ. மி அபுவேலா எஸ் உனா முஹேர் கிராந்தே."

(எங்கள் பழைய வீட்டுக்கு இரண்டு நீல ஜன்னல்கள், ஒரு அடர்பச்சைக் கதவு. கிணற்றுத் தண்ணீர் ரொம்பக் குளிர்ச்சி. என் பாட்டி மகத்தான பெண்மணி.)

மாத்ரீத்_மழை

ஜன்னல்கள் பன்மை, "அசூலேஸ்". கதவின் நிறம் இரண்டு சொல், அதனால் "வேர்தே ஒஸ்கூரோ", அசையாது. தண்ணீர் பெண்பால் என்று பார்த்தோமே, "முய் ஃபிரியா". நடுவில் கிணறு ஆண்பாலாக வந்து உங்களை இழுத்துவிட்டது, பெயரடை சேரவேண்டியது தண்ணீரோடு. பாட்டியைப் புகழ்வதாக இருந்தால் "உனா கிரான் முஹேர்". பின்னால் போட்டால் உருவத்தில் பெரியவர் என்று ஆகிவிடும்.

குவாதலஹாரா

மெக்சிகோவில் "முஹேர் கிராந்தே" என்றால் வயதானவர் என்றும் எடுத்துக்கொள்வார்கள். பாட்டிக்கு அதுவும் பொருந்தும், ஆனால் நீங்கள் சொல்ல வந்தது அது இல்லையே.

தென்கரையான்

முதல் வரிக்கு மட்டும் ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு அந்த ஒரு வீடுதானா, இல்லை புது வீடு ஒன்றும் இருக்கிறதா? புது வீடும் இருந்து, பழையதைப் பிரித்துச் சொல்கிறீர்கள் என்றால் "மி காசா வியேஹா". அந்த ஒன்றே என்றால் நீங்கள் எழுதிய "மி வியேஹா காசா" அப்படியே இருக்கட்டும்.

பனங்காடை

அந்த ஒரு வீடுதான் அண்ணா. "மி வியேஹா காசா" என்றே வைத்துக்கொள்கிறேன். மற்ற நான்கையும் திருத்திவிட்டேன்.